உள்ளம் நோயுற்றாரும் உடல் நலமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



காய்ச்சல் என்றால் நம் காலனியில் நாலு வீட்டார் கஞ்சி கொண்டு வருவர். மனநோய் என்றாலோ, நோயாளியின் வீட்டாரே அதை மறைத்து வைப்பர். அத்தகைய நோய்களுள் ஒன்றாகிய இருமுனை மனநோயைப் பற்றி நாம் அறிந்தவற்றைக் கூற விரும்புகிறோம்.

இந்நோயில் சில காலம் உறக்கமே வேண்டாத பெருங்கிளர்ச்சி; சில காலம் படுக்கையைவிட்டு எழவொட்டாத பெருஞ்சோர்வு. இடையே நலமான நாட்களும் உண்டு. லித்தியம் என்னும் உப்பு கிளர்ச்சியைத் தணிப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

ஆயினும் உள்ளத்தை மட்டும் காத்தால் போதாது. இந்நோயுடையார் சராசரியாகப் பிறரைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர். இதய நோய் அதற்கு ஒரு பெருங்காரணம். சோர்வினால் உடல் அசைவதில்லை. சில மருந்துகளால் பசியும் எடையும் கூடுகின்றன. அதற்கு அஞ்சித் தாமே மருந்தை நிறுத்துவோரும் உளர். நோய் மீண்டும் தலைதூக்குகிறது. மருத்துவரிடம் எடையைச் சொல்லி, மருந்தைத் தொடர்ந்து, நடக்கத் தொடங்குவதே வழி.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. நாளுக்கு அரைமணியாக 5 நாள் நடந்தால் 150 ஆயிற்று. சோர்வு மிக்க நாளில் 5 நிமிடம் நடப்பினும் நன்றே. உறக்கம் குறைந்து கிளர்ச்சி தலைப்படும் நாளிலோ, மணிக்கணக்கில் ஓடவிடாமல் மருத்துவரை நாட வேண்டும். லித்தியம் உண்போர் கோடை வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்து அளவு மீறி நஞ்சாகலாம். ஆகவே விடியற்காலை நடையும், போதிய தண்ணீரும், குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் இன்றியமையாதவை. உணவில் உப்பைத் திடீரெனக் குறைத்தலும் கூடாது.

ஒரு நிலையத்தில் தவறிய நேரம் அடுத்த நிலையங்களையும் பாதிக்கும் என்பதை ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் நன்கறிவோம். இந்நோயுடையாரின் உறக்கமும் உணவும் நடையும் அத்தகையனவே. கால அட்டவணை பிசகலாகாது.

தாய்மொழியில் மனம்விட்டுப் பேச இவ்வூரில் ஆளில்லையே என வருந்த வேண்டா. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

நம்மில் காலை நடை செல்வோர் பலர். நோயுற்ற தம்பியையும், "வாப்பா, நடந்து வரலாம்" என்று உடன் அழைத்துச் செல்வோம். நோயைப் பற்றி வினவ வேண்டியதில்லை. அவன் வேகத்திற்கு நம் நடையைத் தளர்த்தினால் போதும்.