சுதுகங்கை நீரும் அரசின் அளவுகோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களில் வேலை தேடித் தென்னிந்தியாவினின்றும் புறப்பட்ட தமிழ் மக்கள், மன்னார்க் கரையோரத்தில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். அந்நெடுவழியிலே வாந்திபேதிக்கு இரையாகி மாண்டோர் மிகப் பலர். வழியிற் கண்ட நீரை அள்ளிப் பருகிய அவர்கள், தெளிந்து தோன்றும் நீரிலும் நோய் உறையக்கூடும் என்பதை அறியார். இலண்டன் மாநகரில் ஒரு தெருக்குழாயின் நீரே அந்நோயைப் பரப்பியது என்பதை யோன் சினோ என்னும் மருத்துவர் 1854ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அந்நோய்க்குரிய கிருமியை இராபர்ட் கொக் என்னும் செர்மானிய அறிஞர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து 1884ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினார். நீரின் தூய்மைக்குக் கண் சான்றாகாது என்பதை உலகம் அதன் பின்னரே உணர்ந்தது. ஆற்று நீரை அளந்து, அளந்ததை மக்களுக்கு அறிவிப்பது அரசின் கடமை என்னும் கருத்தும் அவ்வுணர்விலிருந்தே வளர்ந்தது.

மாத்தளை மாவட்டத்தில் இக்கடமை எளிதன்று. இம்மாவட்டத்து நீர் இம்மாவட்டத்தோடு நிற்பதில்லை. பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்துத் திருப்பிய நீர், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கவழியாக வந்து, உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கி, 1976ஆம் ஆண்டு தொடக்கம் சுதுகங்கையிற் கலந்து வருகின்றது. அவ்வாறு பெருகிய ஆறு அம்பன் கங்கையை நாடிப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றது. அங்கிருந்து ஒரு பகுதி நீர் மீண்டும் சுரங்கம் புகுந்து, தம்புள்ளைப் பக்கமாகக் கலாவாவிக்குச் சென்று, அநுராதபுரத்துப் பழங்குளங்களை நிரப்புகின்றது. எஞ்சிய நீர் அம்பன் கங்கை வழியே 2017ஆம் ஆண்டில் நீர் தேக்கத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை அடைகின்றது. ஆதலால், மாத்தளையில் ஆற்றிலே கலக்கும் அழுக்கு மாத்தளையாரை மாத்திரம் சார்ந்ததன்று. அது வடமத்திய மாகாணத்து உழவனின் வயலுக்கும் குடும்பத்தாரின் குடத்திற்கும் உரிய செய்தியாகும்.

இனி, அளவை எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் காண்போம். நீர் மாதிரி எடுக்கச் செல்லும் அலுவலர், கரையோரத்துத் தேங்கிய நீரை அள்ளுவதில்லை. ஓட்டமுள்ள இடத்தில், வரும் நீரை எதிர்நோக்கி நின்று, மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே போத்தலை அமிழ்த்தி எடுக்கின்றார். வெப்பநிலை, அமிலகாரத் தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவற்றை அவ்விடத்திலேயே அளக்கின்றார். கரைந்துள்ள பிராணவாயு விரைவில் மாறிவிடும் தன்மையது. ஆதலால் அதனையும் அங்கேயே கருவியால் அளப்பர், அன்றி இரசாயனப் பொருளிட்டு நிலைநிறுத்திக் கொண்டு செல்வர். கிருமிச் சோதனைக்குரிய நீரைக் கிருமியகற்றிய போத்தலில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துள் ஆய்வுகூடம் சேர்த்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் பின்வரும் எண்கள் ஆற்றைப் பற்றிக் கூறாமல் போத்தலைப் பற்றியே கூறுவனவாகும்.

ஆய்வுகூடத்திற் காணப்படும் அளவுகளுள் முதன்மையானது உயிரியல் ஒட்சிசன் தேவை என்பதாகும். நீரிலுள்ள கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கின்றன என்பதை அது காட்டும். வெப்பநாட்டு ஆற்றிலே ஓர் இலீற்றர் நீரிற் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய 8 மில்லிகிராம் மாத்திரமே. கழிவு மிகுந்தால் அச்சிறு சேமிப்பும் செலவாகி மீனினம் மூச்சற்று மடியும். மற்றொரு முக்கிய சோதனை, மனிதரின் அல்லது விலங்குகளின் மலம் நீரிற் கலந்துள்ளதா என்பதைக் காட்டும் கோலிபோம் பற்றீரியாச் சோதனையாகும். உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் பாசியைப் பெருக்குவன. ஆகையால் மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் அவற்றையும் அளத்தல் இன்றியமையாதது.

எண் கிடைத்துவிட்டால் நீர் நல்லதோ தீயதோ என்று கூறிவிடலாமா? எதற்கு நல்லது என்னும் கேள்வியே முதலிற் பிறக்கின்றது. வயலுக்கு ஏற்ற நீர் குழந்தையின் குவளைக்கு ஏற்றதாகாது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. அச்சட்டத்தின் கீழ் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த விதிகள் நாட்டின் நீர்நிலைகளுக்கு ஆறு வகுப்புகளை ஏற்படுத்தின. எளிய சுத்திகரிப்போடு குடிக்கத்தக்கது, நீராடத்தக்கது, மீன் முதலிய நீர்வாழ் உயிர்க்கு ஏற்றது, பொதுவான முழுச் சுத்திகரிப்பின் பின் குடிக்கத்தக்கது, பாசனத்திற்கு ஏற்றது, இவற்றுள் அடங்காத ஏனைய நீருக்குரிய குறைந்தபட்சத் தரம் என்பன அவ்வகுப்புகள்.

ஆற்றின் தரம் ஒருபுறமிருக்க, ஆற்றிலே விடப்படும் கழிவுநீருக்கும் அளவு உண்டு. 2008ஆம் ஆண்டின் விதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை இலீற்றருக்கு 30 மில்லிகிராமை மிஞ்சலாகாது என வகுத்தன. அவ்வெண்ணோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது: கழிவுநீரோடு குறைந்தது எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் கலத்தல் வேண்டும். பிரித்தானியாவின் கழிவுநீர் பற்றிய அரச ஆணைக்குழு 1912ஆம் ஆண்டிலே தன் அளவை வகுத்தபோது கொண்டதும் இதே எட்டு மடங்குக் கணக்கேயாகும். நீர் நான்கு மடங்காகக் குறைந்தால், அனுமதியும் பாதியாகி 15 மில்லிகிராமாகும்.

இந்நிபந்தனை சுதுகங்கைக்கு மிகவும் பொருந்துவது. பொல்கொல்லையிலிருந்து நீர் வரும் நாளில் உக்குவளைக்குக் கீழே ஆறு நிறைந்து ஓடும். அது நின்றுவிட்டால் வறண்ட காலத்தில் ஆறு மெலியும். ஒரு சாலையிலிருந்து வெளியேறும் கழிவு இரு நாளும் ஒரே அளவினதாயினும், ஒரு நாளில் அது விதிக்குள் அடங்கும். மறுநாளில் விதியைக் கடக்கும். ஆகவே, ஆறு நிறைந்த நாளில் எடுத்த ஒரு போத்தல் நீரைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புக் கூறுதல் தவறாகும். பருவந்தோறும், ஒரே இடத்தில், அன்றைய ஓட்டத்தின் அளவையும் குறித்து எடுக்கும் தொடர்ச்சியான பதிவே நம்பத்தக்கது. ஆண்டுச் சராசரி என்னும் ஓர் எண்ணுள் வறட்சிக்காலத்துக் கேடு மறைந்துபோதலும் உண்டு.

அளந்ததை அறிவிக்கும் முறையிலும் கற்கத்தக்கது உளது. ஐக்கிய அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தன் நீர்நிலைகளின் நிலையை எழுதிச் சமர்ப்பித்தல் வேண்டும் எனப் பணிக்கின்றது. உரிய பயனுக்கு உதவாது கெட்டுப்போன நீர்நிலைகளைப் பெயர் குறித்துப் பட்டியலிடவும் வேண்டும். அப்பட்டியலில் ஏறிய நீர்நிலை எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் குறைக்கவும் வேண்டும். இன்ன ஆறு, இன்ன பகுதி, இன்ன காரணம் என்று பெயர் கூறுவதே அம்முறையின் வலிமையாகும். பெயர் வெளிவந்த பின்னர் அதனை மறப்பது எவருக்கும் எளிதன்று.

மாத்தளைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. மலையோடையிலும் ஊற்றிலுமிருந்து குழாய்வழி வரும் நீரைப் பீலிக்கரையிற் பிடித்துக் குடிக்கும் லயத்துக் குடும்பங்கள் பல. ஓடையின் மேற்புறத்தில் மலசலகூடமோ, மாட்டுக் கொட்டகையோ, பூச்சிநாசினி தெளித்த காணியோ இருப்பின், மழை பெய்த மறுநாள் அதன் பயன் பீலியில் வந்து சேரும். மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவப் பகுதியிலோ வேறொரு துன்பம். காரணம் இன்னும் ஐயமறத் தெளியாத சிறுநீரக நோய் அங்கே பலரை வாட்டுகின்றது; கிணற்று நீரின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் நம்பி வாழவேண்டியிருக்கின்றது. அந்த ஆறும் கெட்டால் அவர்கள் செல்லும் இடம் எது?

ஆதலால் அரசின் அறிக்கை, அலுவலகத்து அலுமாரியில் நிற்றல் போதாது. பீலிக்கரையிலே, பிரதேச சபை வாயிலிலே, பாடசாலைச் சுவரிலே, தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்குதல் வேண்டும்: இந்நீர் இன்ன திகதியிற் சோதிக்கப்பட்டது, குடிக்கத்தகும், அன்றேல் கொதிக்க வைத்தே குடிக்கத்தகும் என்னும் இரண்டு வரிகள் போதும். மக்களும் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தங்கள் நீரைச் சோதிக்குமாறு கேட்டல் வேண்டும்; விடை வரும்வரை நீரை நன்கு கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுதல் வேண்டும். கொதித்த நீரில் கிருமி மடியும். கரைந்த உரமும் நஞ்சும் நீங்கா. அவற்றைக் கண்டறிய ஆய்வுகூடமே வழி.

மன்னார் வழியிலே மாண்ட முன்னோருக்குத் தாம் பருகிய நீரைப் பற்றி எடுத்துரைப்பார் ஒருவரும் இருந்திலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பீலியடியிற் குடம் ஏந்தி நிற்கும்போது, அந்நீரின் தன்மையைக் கூறும் அறிவும் கருவியும் சட்டமும் நாட்டில் உள்ளன. அவை மூன்றும் அக்குடம்வரை வந்து சேர்தலே இனி வேண்டுவது.