ஷாக் அப்சார்பர் மாட்ட ஒரு பட்டறை தேடி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க துறை சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா வகுப்பு எடுத்திடாதீங்க" என்றார். ஆகவே வெப்ப இயக்கவியல் பக்கமே போகப் போவதில்லை. ஒரு பழைய காருக்கு வெளியில் வாங்கிய ஷாக் அப்சார்பரை மாட்ட நல்ல பட்டறை ஒன்றைத் தேடி நான் அலைந்த கதையைச் சொல்கிறேன். இதில் என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கை. 'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். எங்கள் கோயில் மரகத நடராசரைத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும் அதைக் களைவார்கள். மேளதாளச் சத்தத்தின் அதிர்வு மரகதத்துக்கு ஆகாது, அதற்குத்தான் சந்தனம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மை பொய் எனக்குத் தெரியாது. ஆனால் அதிர்வை வாங்கிக்கொள்ள நடுவில் ஒரு பொருள் வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல!

காரில் அந்த வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, வெப்பமாக்கித் தீர்ப்பதுதான் ஷாக் அப்சார்பர். அது செத்துப்போனால் ஆட்டம் மட்டுமல்ல, சக்கரம் ரோட்டை விட்டு எழும்பும். பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும். பெரும்பாலோர் "சீட்டு தூக்கிப் போடுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய மாருதி 800. அந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. என் அம்மாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்து, மாதம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. போக நூறு கிலோமீட்டருக்கு மேல், வர அவ்வளவு. மதுரைச் சாலையைக் குறை சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள்தான் பாடு. ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். முன் சீட்டின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போகும். அவ்வளவுதான். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு ஸ்பிரிங் கணக்கு தானாக ஞாபகம் வரும்.

பொருள் வாங்குவது சுலபம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் கிடைக்காத உதிரி பாகம் கிடையாது. பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை. இப்போது செல்போனிலேயே ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வருகிறது. மாட்டுகிற கைதான் கிடைப்பதில்லை.

எங்கள் ஊரில் பஞ்சர் கடை இருக்கிறது. சீமைக்கருவேல முள் இருக்கும்வரை பஞ்சர் தொழிலுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் அழிவு கிடையாது. கடைப் பையன், "சித்தப்பா, டிராக்டர்னா நான் பாத்துருவேன், காருக்கு ராம்நாடு போயிருங்க" என்றான். தன்னால் முடியாததை முடியாது என்று சொன்ன அவனை நான் இன்றும் மதிக்கிறேன்.

ராமநாதபுரத்தில் முதலில் போன இடத்தில் நல்ல கூட்டம். கூட்டம் இருந்தால் நல்ல பட்டறை என்று ஒரு நம்பிக்கை நமக்கு. "ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்காண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டி எடுத்துருவோம். இருபது வருசமா இப்படித்தான்" என்றார். நான் கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மாணவர்கள் இதைக் கவனியுங்கள். முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்திருப்பதை ஸ்ட்ரட் என்கிறோம். மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரால் வழங்குவது. உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கும். மேல் நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கிப் பிடித்தாக வேண்டும். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை. அதில் அடைந்திருக்கும் ஆற்றல் 225 ஜூல். அரை மூட்டை சிமெண்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் முகத்தில் போடுவதற்குச் சமம். அதைக் கட்டுக்கம்பியை நம்பி விடுகிறார்கள். கம்பி அறுந்தால் போவது முதலாளியின் முகம் அல்ல, பக்கத்தில் குனிந்திருக்கும் பதினாறு வயது உதவியாளன் முகம். இதனால்தான் நான் முதல் கேள்வியாக அதைக் கேட்டேன்.

அடுத்துப் போனது ஒரு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம். பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, காபி எல்லாம் கொடுத்தார்கள். "வெளிப் பொருள் நாங்க மாட்ட மாட்டோம் சார்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொருள் கெட்டால் பழி யார் தலையில்? ஆனால் இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். உதிரி பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்தன, அது தனிக் கதை. தெருவோரப் பட்டறையும் முறையான பொருளையும் தொழில்நுட்பத் தகவலையும் பெற வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். எனக்கு அது சரியென்றே படுகிறது. தகவல் கிடைக்காத மெக்கானிக்தானே கட்டுக்கம்பியை எடுக்கிறார்.

மதுரையில் ஒரு கடைக்கும் போனேன். சுவர் முழுக்க வண்ண வண்ண ஸ்பிரிங். "சார், இத்தோட வண்டியை ரெண்டு இஞ்ச் இறக்கிருவோம், ரேஸ் கார் மாதிரி இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. பின்சீட்டில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார்! ரேஸ் எனக்கும் பிடிக்கும். சோழவரத்தில் ஓடிய கார்களைப் பற்றிப் பேசியே எங்கள் விடுதியில் விடிந்த இரவுகள் உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் ஓட்டியபோது ஊருக்கே இனிப்பு கொடுத்தவன் நான். ஆனால் பந்தயத் தடம் வேறு, பொதுச் சாலை வேறு.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாகன நிறுத்தத்தில் இறக்கிய கார் இரண்டு நிற்பதை வரும்போதே பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் சொன்ன அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. ஜெர்மனியில் ஸ்பிரிங்கை மாற்றினால் சோதனைக்குக் காட்டி வண்டிப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வழி உண்டு. நம் ஊரில் சொந்தக் கார்க்காரருக்கு அப்படி எளிய வழி இல்லை. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதே அளவு, அதே வகை, வேறு கம்பெனிப் பொருளை மாட்டுவது மாற்றம் அல்ல, பழுதுபார்ப்பு. வண்டியின் உயரத்தை இறக்குவதும் ஏற்றுவதும்தான் வில்லங்கம். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் டேப்போடு வந்து நிற்பார்.

கடைசியில் பட்டறை கிடைத்தது ராமநாதபுரத்திலேயே. மீன் வண்டிகளும் உப்பு ஏற்றும் வண்டிகளும் நிற்கும் ஒரு இடம். போர்டு கூட ஒழுங்காக இல்லை. பாய் ஒருவர் நடத்துகிறார். நான் கேள்வி கேட்கும் முன் அவர் கேட்டார்: "பழசு எண்ணெய் கசியுதா? எந்தப் பக்கம் சாயுது? யாரு ஓட்டுறது, பின்னாடி யாரு உக்காருவா?" அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அமுக்கி விட்டுப் பார்த்தார். ஒரு தடவைக்கு மேல் துள்ளியது. பிறகு கீழே படுத்துக் கையால் தடவிவிட்டு, "சார், ஷாக்கப்சர் மட்டும் மாத்துனா பத்தாது. ஸ்பிரிங் உக்கார்ற தட்டை உப்பு தின்னுருக்கு. மேல் மவுண்ட் ரப்பரும் வெடிச்சிருச்சு. அதையும் வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா இந்த வேலை எனக்கு வேணாம்" என்றார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மெக்கானிக்! ஸ்பிரிங் கம்ப்ரசரைக் காட்டச் சொன்னேன். எண்ணெய்த் துணியில் சுற்றி, நகை மாதிரி எடுத்து வந்தார்.

நம் கடற்கரைக்கு இது முக்கியம். வாலிநோக்கம் உப்பளமும் பாம்பன் காற்றும் சேர்ந்து இரும்பை விட்டுவைப்பதில்லை. உள்நாட்டில் பத்து வருடம் தாங்கும் போல்ட்டை இங்கே நெம்பினால் தலை கையோடு வரும். பாய் முதல் நாள் மாலையே எல்லா போல்ட்டுக்கும் துருநீக்கி எண்ணெய் அடித்து, "நாளைக்குக் காலைல வாங்க" என்றார். அவசரப்படுகிறவர் சுத்தியலை எடுத்திருப்பார்.

மறுநாள் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்து, உள்ளே இருந்த காற்றை ஒதுக்கினார். பளபளக்கும் பிஸ்டன் தண்டில் பிளையர் படவே விடவில்லை. அதில் ஒரு கீறல் விழுந்தால் ஆயில் சீல் சீக்கிரம் கிழிந்துவிடும். மேல் நட்டு பழசைப் போடவில்லை, புதுசு. இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றினார். எல்லாவற்றையும் விட ஒன்று: கீழ்க் கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகு இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஏன் அப்படி என்று அவரைக் கேட்டேன். "ரப்பருக்கும் உக்கார்றதுக்கு ஒரு நிலை வேணும்ல சார்" என்றார். நான்கு வருடம் படித்த எனக்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வராது.

அவரிடம் வீல் அலைன்மென்ட் மெஷின் இல்லை. அதை மறைக்கவும் இல்லை. "பக்கத்துல எழுதித் தர்றேன், நேரா அங்க போங்க, சுத்திட்டுப் போகாதீங்க" என்றார். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரக் கோணம் மாறும். பார்க்காமல் விட்டால் புது டயர் உள்பக்கம் தேய்ந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வரச் சொல்லி போல்ட்டுகளை மறுபடி பார்த்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த மாதம் மதுரைக்குப் போகும்போது அம்மா பரமக்குடி தாண்டியதும் தூங்கிவிட்டார். அதற்கு முன் அந்தக் காரில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

மாணவர்களில் யாராவது சொந்தமாகப் பட்டறை வைக்கும் எண்ணத்தில் இருந்தால், நம் மாவட்டத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ராமேசுவரத்துக்கு வெளியூர் வண்டி வராத நாளில்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கார்கள் கடல் ஓரத்துக்கே போகின்றன. அத்தனைக்கும் உப்பு ஏறுகிறது. ஒரு நல்ல ஸ்பிரிங் கம்ப்ரசர், ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு அலைன்மென்ட் மெஷின். மூன்றாவதற்குத்தான் வங்கிக் கடன் தேவைப்படும்.

பாயின் பட்டறை விலாசம் வேண்டுபவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் போயிருப்பார்.