பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்க வேண்டும்?

(ஜோகூர் தோட்டமொன்றின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பள உயர்வு அல்ல, போனசும் அல்ல. சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு புத்தகம். பாஸ்போர்ட் என்றும் கடப்பிதழ் என்றும் நாம் சொல்லும் புத்தகம். அதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறோம்.

ஜோகூர்க்காரர்களாகிய நமக்கு அயல்நாடு கூப்பிடு தூரம். 1924-இல் திறந்த ஜோகூர் பாலத்தின் வழியே நம் பெரியவர்கள் அடுத்த ஊருக்குப் போவதுபோல் சிங்கப்பூருக்குப் போய்வந்தார்கள். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 முதல் பாலத்தில் பாஸ்போர்ட் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் பலர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் அக்கரைக்கு வேலைக்குப் போகிறார்கள். அதே வேளையில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இக்கரையில் வேலை செய்கிறார்கள். போகிறவருக்கும் வந்தவருக்கும் அந்தப் புத்தகம்தான் துணை.

அதை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கேட்டால், "பத்திரமாக இருக்கட்டும்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால், "ஆள் ஓடிவிடுவான்" என்பார்கள். தோழர்களே, இரண்டாவது சொன்னதுதான் உண்மைக் காரணம்! மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடிப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இன்று சிறை வேண்டாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தால் போதும். காய்ச்சல் என்றாலும், சம்பளம் பாக்கி என்றாலும், ஊரில் தாய் இறந்தாள் என்றாலும் அவன் நகர முடியாது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்பைக் கண்டுகொள்ள வகுத்துள்ள 11 அடையாளங்களில், ஆளின் பத்திரங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம், 12-ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான அதிகாரம் இல்லாமல் பிறருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். தண்டனை 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரிலும் முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றமே. இந்தியாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டமோ, இந்தியப் பாஸ்போர்ட் எக்காலமும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அரசின் சொத்தைத் தோட்ட ஆபீஸ் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்ட யாருக்கு உரிமை?

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு சொல். நாங்களும் கிராணிமார்தாம். துரை உத்தரவிடுவார்; சாவி நம் இடுப்பில் இருக்கும். சட்டம் துரை என்றும் கிராணி என்றும் பிரித்துப் பேசவில்லை. செக்ரோலில் பேர் எழுதுவது நம் வேலை. பிறர் பாஸ்போர்ட்டைப் பூட்டிக் காப்பது நம் வேலை அல்ல. பெர்மிட் புதுப்பிக்க வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். ஆனால் ரசீது கொடுங்கள். அதில் பாஸ்போர்ட் எண், வாங்கிய தேதி, காரணம், திருப்பித் தரும் தேதி நான்கும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பத்திரம்தான் கவலை என்றால், தொழிலாளியின் அறையில் பூட்டுள்ள அலமாரி கொடுக்கச் சொல்லுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும்!

வெளிநாடு போகிறவர்களே, நீங்களும் கேளுங்கள். புறப்படுமுன் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது தவணை மீதம் இருக்க வேண்டும். விமானச் சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்துக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பயணப் பெட்டியில். பாலத்தில் கைப்பேசியைக் காட்டிக் கடக்கும் வசதி வந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வட்டிக்காரனிடம் அதை அடகு வைக்காதீர்கள். அவன் வாங்குவதும் சட்டத்துக்குப் புறம்பு. உங்கள் வேலையும் அன்றோடு போயிற்று. "பெரிய சம்பளம், டிக்கெட் இலவசம்" என்று ஆசை காட்டும் ஏஜெண்டிடமும் கொடுத்துவிடாதீர்கள். அண்மை ஆண்டுகளில் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் அப்படி அழைத்துச் செல்லப்பட்ட மலேசியர்கள், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்தார்கள். பலரை மீட்டுவர அரசாங்கமே முயல வேண்டியதாயிற்று.

தொலைந்துவிட்டால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அந்த ஊர்ப் போலீசில் உடனே புகார் செய்து, அதன் நகலோடு நம் தூதரகத்துக்குப் போங்கள். சிங்கப்பூரில் மலேசியத் தூதரகம் இருக்கிறது. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இங்கே தொலைத்த தமிழ்நாட்டுத் தோழருக்குக் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. கேட்டும் திருப்பித் தராத முதலாளி மீது போலீசிலும் தொழிலாளர் இலாகாவிலும் புகார் செய்யலாம். தனியாகப் போகப் பயமா? கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கம் பின் எதற்கு இருக்கிறது?

வந்தவன் வேற்று நாட்டான், அவனுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வாய் திறக்க முடியாத ஒருவன் குறைந்த கூலிக்கு மரம் சீவினால், பக்கத்து நிரையில் சீவுகிற நம் கூலி எப்படி உயரும்? அவன் கட்டு அவிழ்ந்தால்தான் நம் பேச்சுக்கும் பலம்.

ஆகவே, நாளைப் பெரட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பாஸ்போர்ட் எங்கே?" "என் பெட்டியில்" என்று எல்லாரும் சொல்லும் நாள் வரை கிளை இதை விடாது என்று கூறி அமர்கிறோம்.