கைத்துப்பாக்கிப் பந்தயத்தில் முதல் நாள்

துப்பாக்கி சுடும் போட்டி என்றவுடன், அசையாது நின்று வட்டப் பலகையைக் குறிபார்க்கும் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்ற விரைவுச் சுடுதலிலும் வீரர் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. 25 மீட்டருக்கு அப்பாலுள்ள ஐந்து இலக்குகளை 8, 6, 4 வினாடிகளில் அவர் சுடவேண்டும்.

இதனின்றும் வேறுபட்ட பந்தயம் ஒன்று உண்டு. அதில் போட்டியாளர் ஓடுகிறார், குனிகிறார், தடுப்பின் ஓரத்தில் ஒதுங்கிச் சுடுகிறார், நடுவழியிலேயே மேகசினை மாற்றுகிறார். ‘பிராக்டிகல்’ சுடுதல் என்பது இதன் பெயர். 1976-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் இதற்கான உலகச் சம்மேளனம் பிறந்தது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றுமே அதன் குறிக்கோள். அவற்றுள் துல்லியம் முதலில் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இப்பந்தயத்தில் முதன்முறையாக நாம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் நம்மை வியப்பில் ஆழ்த்துவது அங்கு நிலவும் கட்டுப்பாடே. அதிகாரியின் உத்தரவின்றி எவருடைய துப்பாக்கியிலும் தோட்டா இருத்தலாகாது. துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்று தனியிடம் உண்டு. ஆனால் அவ்விடத்தில் தோட்டாவைத் தொடுதல் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணியாமல் எவரும் சுடலாகாது.

நமது முறை வருகிறது. ‘லோட் அண்ட் மேக் ரெடி’ என்று அதிகாரி கூறியபின்னரே தோட்டாவை நிரப்புகிறோம். ‘ஆர் யூ ரெடி’ என்று கேட்கிறார். ‘ஸ்டாண்ட் பை’ என்கிறார். ஒன்று முதல் நான்கு வினாடிக்குள் கருவியின் ஒலி எழுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கால் ஓடத் துடிக்கிறது. ஆபத்து காத்திருப்பதும் அந்தக் கணத்தில்தான். ஓடும்பொழுது விரல் விசையின்மேல் இருந்தாலும், குழல்முனை வரையறுத்த 90 பாகை எல்லையைத் தாண்டித் திரும்பினாலும், தோட்டா நிரம்பிய துப்பாக்கி கைதவறி விழுந்தாலும், அத்துடன் அன்றைய போட்டி முழுவதும் நமக்கு முடிந்தது. இவ்விதி கடுமையானது என்று சிலர் கருதலாம். ஆனால் நமக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். இலக்கில் தவறிய குண்டுக்கு மதிப்பெண்ணை இழக்கிறோம். திசை தவறிய குண்டுக்கு ஓர் உயிரையே இழக்க நேரிடலாம்.

இனி மதிப்பெண் கணக்கு. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்கிறார்கள். 12 குண்டுகள் சுடவேண்டிய கட்டம் ஒன்றைக் கருதுவோம். நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. அதனை அடுத்த பகுதியில், குறைந்த வலிமையுள்ள தோட்டாவுக்கு 3 புள்ளி. தவறினால் 10 புள்ளி கழிவு. ஒருவர் நிதானமாக 20 வினாடியில் அனைத்தையும் நடுவில் பதித்து 60 புள்ளி பெறுகிறார், ஈவு 3. மற்றொருவர் 12 வினாடியில் விரைந்து முடிக்கிறார். ஏழு நடுவிலும் மூன்று அடுத்த பகுதியிலும் பட, இரண்டு தவறுகின்றன. அவருக்கு எஞ்சுவது 24 புள்ளி; ஈவு 2 மட்டுமே. பதறிய வேகத்தால் பயனில்லை என்பதைக் கணக்கே நமக்குக் கற்பிக்கிறது.

சுட்டு முடித்தபின் துப்பாக்கியை வெறுமையாக்கி அதிகாரிக்குக் காட்டி, உறையில் இடுகிறோம். பின்னர் நாமும் சென்று இலக்குத் துளைகளுக்குக் காகிதம் ஒட்டுகிறோம். பழம்பெரும் வீரரும் புதியவரும் அவ்வேலையில் சமமே.

முதல் பந்தயத்தில் வெற்றியை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. விதி பிறழாது தொடங்கி, எவருக்கும் தீங்கின்றி முடித்து, பட்டியலின் கடைசியில் நம் பெயர் இருக்கக் கண்டாலும் அது பெருமையே. கையில் ஆற்றலை ஏந்துகிறவனுக்கு அடக்கமே முதற் பயிற்சி. அதனைக் கற்றபின், வேகம் தானே வந்து சேரும்.