சேலத்தில் வாங்கிய சர்டிபிகேட் பெங்களூரில் செல்லுமா?

(நமது கூட்டமைப்புக் கூட்டத்தில், ராசிபுரம் பக்கத்தைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நானும் குழுவில் வளர்ந்த பிள்ளைதான். எங்கம்மா ஊக்குநராக இருந்தபோது ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். "கண்ணு, என்னோட பாக்கி எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு" என்று அக்காமார் வருவார்கள். அப்போது எங்கள் குழுக் கணக்கைத் தணிக்கை செய்ய ஒருவர் வந்தார். ஊரே அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடும். பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைக் கடனுக்குக் கொடுத்தபோது, "இவர் கையெழுத்து செல்லாது, இவர் சி.ஏ. இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்த பணமும் போச்சு, கடனும் ஆறு மாதம் தள்ளிப் போச்சு. செல்லுகிற கையெழுத்து ஒன்று நம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன மாதம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். மகள் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மார்க். சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். அம்மா கேட்டார்: "நாளைக்கு இவளை பெங்களூருலயோ சித்தூர்லயோ கட்டிக் குடுத்தா, இங்க வாங்குன சர்டிபிகேட் அங்க செல்லுங்களா? மறுக்கா பரிச்சை எழுதோணும்னா, இவ்வளவு செலவு எதுக்குங்க?"

இது நியாயமான கேள்விதான். நர்ஸ் படித்த பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக நடத்துகிறார்கள். ஆனால் சி.ஏ. அப்படி இல்லை. நாமக்கல்லில் லைசென்ஸ் எடுத்த டிரைவர் அதே லைசென்ஸை வைத்து அஸ்ஸாம் வரை லாரி ஓட்டுகிறார் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். சட்டம் ஒன்று, இன்ஸ்டிடியூட் ஒன்று, பரீட்சை ஒன்று. ஊர் மாறினால் புது விலாசத்தைத் தெரிவித்தால் போதும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1913-ல் வந்த கம்பெனிகள் சட்டப்படி மாகாண அரசுகளே தணிக்கையாளர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தன. அதில் ஒருவகைச் சான்றிதழ் அந்த மாகாணத்துக்குள்ளே, அதில் குறிப்பிட்ட மொழியில் மட்டும்தான் செல்லும். அந்த வகையை 1920-ல் நிறுத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பட்டயக் கணக்காளர்கள் சட்டம் வந்து, 1949 ஜூலை 1 முதல் இன்ஸ்டிடியூட் செயல்படத் தொடங்கியது.

அதற்கு முன்பே நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். அவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்டு வேலூர் சிறையில் ஒரு வருடம் இருந்தவர். 1933-ல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். 1937-ல் தனியாகத் தொழில் தொடங்கினார். பிறகு 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்தியப் பிரிவுக்கே தலைவராக இருந்தார்.

சரி, வழி என்ன? பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன், நாலு பேப்பர். அடுத்து இன்டர்மீடியட், ஆறு பேப்பர். பிறகு ஒரு சி.ஏ.விடம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிள் பயிற்சி. கடைசியில் ஃபைனல், மறுபடி ஆறு பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க், மொத்தத்தில் பாதி மார்க் வாங்கினால் பாஸ். பி.காம். முடித்த பிள்ளை 55 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமலே இன்டர்மீடியட்டில் சேரலாம். வேறு பட்டம் என்றால் 60 சதவீதம் வேண்டும். ஆர்ட்டிகிள் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சேலத்திலேயே இன்ஸ்டிடியூட்டின் கிளை இருக்கிறது. விவரம் கேட்க நேரே அங்கே போங்கள்.

எல்லாம் பாஸ் பண்ணி உறுப்பினர் ஆனால் கம்பெனியில் வேலைக்குப் போகலாம். சொந்தமாகத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட வேண்டுமானால், தொழில் செய்வதற்கான சான்றிதழையும் இன்ஸ்டிடியூட்டிடமே தனியாக வாங்க வேண்டும்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பரீட்சையை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது. தமிழ் மீடியத்தில் படித்த நான் இன்டர்மீடியட்டில் இரண்டு முறை விழுந்தேன். கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை. தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் படித்துப் படித்துத்தான் தேறினேன். அதனால் பிள்ளை பத்தாவது படிக்கும்போதே இங்கிலீஷைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது அமெரிக்க சி.பி.ஏ. படிப்புக்குக் கோச்சிங் என்று நிறைய விளம்பரம் வருகிறது. 2020 முதல் அந்தப் பரீட்சையை இந்தியாவிலேயே எழுதலாம், அது உண்மைதான். ஆனால் லைசென்ஸ் கொடுப்பது அங்கே ஒரு இன்ஸ்டிடியூட் இல்லை. மாநிலங்களும் மற்றப் பகுதிகளுமாக 55 போர்டுகள் இருக்கின்றன. பரீட்சை ஒன்றுதான், ஆனால் எவ்வளவு படிப்பு, எவ்வளவு அனுபவம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சில இடங்களில் அந்த நாட்டு சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேட்பார்கள். அதனால் பணம் கட்டும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாநில லைசென்ஸ்? என் மகள் படித்த பட்டம் அதற்குப் போதுமா? அனுபவத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பதில் தெளிவாக வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 முதல் சி.ஏ. கொடுக்கிற சான்றிதழிலும் தணிக்கை அறிக்கையிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். அதை இன்டர்நெட்டில் போட்டுப் பார்த்தால் அசலா என்று தெரிந்துவிடும். எங்கம்மா குழு ஏமாந்த மாதிரி நீங்கள் ஏமாற வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நகை போட்டு அனுப்புனா அது என்னைக்கு அடகுக்குப் போகுமோ. இது அவகூடவே போகுமுங்களா?" என்று கேட்டார். "எந்த ஊருக்கு வேணும்னாலும் போகும்மா" என்றேன்.

மகள் ஃபவுண்டேஷனுக்குப் பதிந்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.