மருந்துப் பெட்டியும் மாணவர் மனமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறதா என்று கேட்டுத் தெளிவு பெற்றீர்கள். அதே கண்டிப்போடு நாம் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அது மருந்துப் பெட்டியின் கணக்கு. கொரோனாக் காலம் கற்றுத்தந்த பாடங்களுள் நாம் விரைவில் மறந்துவிட்ட பாடம் இதுவே.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், மதரஸாக்கள் யாவும் மூடப்பட்டன. பள்ளிவாசல்களிலும் கூட்டுத் தொழுகை நின்றது. தமிழ்நாட்டில் 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வும், 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தாயின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள் நம் சின்னஞ்சிறார் வகுப்பறையைக் காணவில்லை.

அந்த மாதங்களில் பிள்ளைகள் எதை இழந்தார்கள்? பாடத்தை மட்டும் இழக்கவில்லை. தோழனை இழந்தார்கள், விளையாட்டுத் திடலை இழந்தார்கள், உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் தலைகீழாயின. ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பாடம் கேட்டார்கள். தந்தையின் வேலை போனதையும், பக்கத்து வீட்டு ஜனாஸாவுக்குக் கூடச் செல்ல முடியாததையும் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாரம் வெளியே வரும்போது "மனம் சரியில்லை" என்று வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல் என்றே வருகிறது. நாம் என்ன செய்தோம்? தலைவலிக்கு ஒரு மாத்திரை, வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்திற்கு ஒரு மாத்திரை என்று கொடுத்தோம். ஒவ்வொன்றும் அன்பினால் கொடுக்கப்பட்டதே. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியவர் எவருமில்லை.

பெருமக்களே! ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை ஒருசேர உட்கொள்வதை மருத்துவ உலகம் தனிக் கவனம் தேவைப்படும் நிலையாகக் கருதுகிறது. அது முதியோர் சங்கதி என்று நாம் நினைத்திருந்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் இளைஞர் கையிலும் அந்த எண்ணிக்கை வந்து சேர்ந்தது. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, ஆன்டிபயாடிக், துத்தநாகம், வைட்டமின் என்று ஒரு பட்டியல் கைப்பேசியில் வந்தது. அது உறவினர் குழுக்களெல்லாம் சுற்றியது. எவருக்கோ எழுதப்பட்ட சீட்டு எல்லோருக்கும் சீட்டாயிற்று.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கூட்டிப் பாருங்கள். பாரசிட்டமால் நல்ல மருந்து. வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். எடை குறைந்த மாணவருக்கு அந்த வரம்பு இன்னும் கீழே. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை: 1,950. சளிக்கென்று வாங்கிய கூட்டு மாத்திரைக்குள் 500 இருந்தால் மூன்று வேளைக்கு 1,500. உடல்வலிக்கு வாங்கிய இன்னொரு கூட்டு மாத்திரைக்குள் 325 இருந்தால் இரண்டு வேளைக்கு 650. ஆக 4,100! மூன்று அட்டைகளில் மூன்று பெயர்கள். உள்ளே இருப்பதோ ஒரே மருந்து. பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் அது பெரிய அறிகுறி எதையும் காட்டாமலும் இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் தரும் மருந்து உண்டு. அதோடு அரிப்புக்கான மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் மிகுந்து மூச்சே தளரக்கூடும். அசித்ரோமைசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டுமே இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. இணைந்தால் ஆபத்து கூடும். வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரானுக்கும் அத்தன்மை உண்டு. டாக்ஸிசைக்ளினைத் துத்தநாக மாத்திரையோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும். கொரோனா ஒரு வைரஸ்; ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்வது. தேவையின்றித் தின்றால், நாளை உண்மையாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும்.

ஸ்டீராய்டு மருந்தின் கதை இன்னும் பெரிய எச்சரிக்கை. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றிய கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்தது டெக்சாமெத்தசோன் என 2020 ஜூனில் தெரியவந்தது. அதே வகை மருந்தை லேசான காய்ச்சலுக்கும் தாமாக விழுங்கியோர் பலர். 2021இல் நாடெங்கும் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும், அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அறிகுறியற்ற, லேசான தொற்றுள்ள குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தீங்கு என்று அவ்வாண்டு ஜூனில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்ககமும் அறிவுறுத்தியது.

இவற்றைக் கேட்டு மருந்தே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடாதீர்கள். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. வலிப்பு நோய்க்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவர் எழுதிய மருந்தைத் திடீரென நிறுத்துவதும் பேராபத்து. சில மனச்சோர்வு மருந்துகளோடு, கடையில் வாங்கும் சில இருமல் மருந்துகள் ஒத்துப்போகா. ஆகவே, எந்த மருந்தை எடுக்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கபசுரக் குடிநீர் அருந்தினாலும் அதையும் சொல்லுங்கள்.

இங்கே இமாம் என்ற முறையில் ஒன்றைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. பிள்ளை வாடியிருக்கிறான், ஓதிப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் என்னிடம் அழைத்து வருகிறார்கள். ஓதுகிறேன், துஆச் செய்கிறேன். அதோடு இரண்டு கேள்விகளும் கேட்கிறேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான்? கடைசியாக அவனோடு அமர்ந்து எப்போது பேசினீர்கள்? முதல் கேள்விக்கு ஒரு பை நிறைய அட்டைகள் மேசைக்கு வருகின்றன. இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவது அரிது. மனச்சோர்வை ஈமானின் குறைவு என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். நபிமார்களும் துயருற்றார்கள், மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுது பார்வையையே இழந்தார்கள். துக்கப்படுவது பாவமன்று. துக்கத்தில் இருப்பவரைத் தனியே விட்டுவிடுவதுதான் நம் மீதுள்ள குறை.

எனவே ஜமாஅத்தாரிடம் நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில், யார் எந்த மருந்தை எத்தனை வேளை எடுக்கிறார் என்று எழுதி வையுங்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரோடு, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் படித்தவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை, மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து என்பதை அறிந்துகொள்ளுங்கள். மீந்துபோனதையும் காலாவதியானதையும் அடுத்த காய்ச்சலுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டில் இருக்கட்டும்; மனம் உடைந்த ஒரு நொடியில் எட்டிய தூரத்தில் இருப்பதே வினையாகிவிடும்.

பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேல் ஒதுங்கியே இருந்தால், உறக்கமும் உணவும் கெட்டால், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால், நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வுக்கு முன்பாக ஆண்டுக்கொரு முறை, நம் மஹல்லாவில் உள்ள மருத்துவரையும் மருந்தாளுநரையும் அழைத்து, வீட்டு மருந்துப் பைகளைக் கொண்டுவரச் செய்து சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள். செலவு அதிகமில்லை, பள்ளிவாசல் திண்ணையே போதும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளைகளும் அமானிதமே. அமானிதத்திற்குக் கணக்கு உண்டு. வல்ல ரஹ்மான் நம் மாணவச் செல்வங்களுக்கு உடல்நலத்தையும் மனஅமைதியையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.