வீடா, சானடோரியமா?



பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒருவருக்குக் காசநோய் கண்டால், இன்று அவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைகிறார். அவ்விரண்டும் திருச்சி மாவட்டத்து ஊர்களாக இருந்த 1950-களில் நிலைமை வேறு. காசநோயாளிக்குச் சானடோரியமும் நல்ல காற்றும் பாலும் முட்டையும் பூரண ஓய்வும் வேண்டும் என்பதே மருத்துவர் கொள்கை. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ மிகச் சில.

புதிய மாத்திரைகள் வந்திருந்தன. அவற்றை வீட்டிலேயே கொடுத்தால் போதாதா? ஊகித்து விடை கூறும் விஷயமன்று இது. விடை தவறினால் நோயாளியோடு, அவர் மடியில் வளரும் குழந்தையும் அல்லவா துன்புறும்?

இதனை ஆராய 1956-இல் சென்னையில் ஒரு நிலையம் தோன்றியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதனை நடத்தினார். நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது? மருத்துவரிடம் விட்டால், இரக்கத்தால் நோய் முற்றியவரையே சானடோரியத்துக்கு அனுப்புவார். பிறகு அங்கே குணமடைந்தோர் குறைந்தால், அது இடத்தின் குறையா, நோயின் கடுமையா என்று எவ்வாறு அறிவது? இரக்கம் நல்லதுதான், ஆனால் ஒப்பீட்டை அது கெடுத்துவிடும். எனவே திருவுளச்சீட்டுப் போடுவதுபோல், தற்செயலிடமே அப்பொறுப்பு விடப்பட்டது. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ்.

வீட்டிலிருப்போர் மருந்தைத் தவறாது உண்கிறார்களா? முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர் வீட்டுச் சாராரில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. சானடோரியமே வென்றது என்று அவசரப்படாதீர்கள். கணக்கில் நின்றவர் ஒவ்வொரு சாராரிலும் ஏறத்தாழ 80 பேர். வித்தியாசம் ஐந்தாறு பேர்தான். அவ்வளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே நேரக்கூடியது. எளிய உணவுண்டு, ஓய்வும் குறைவாகப் பெற்றவர்கள் இவ்வளவு தேறியதே வியப்பு.

குழந்தைகள் என்னவாயினர்? வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தில் நோய் மிகுதியாகக் காணப்படவில்லை. தொற்றில் பெரும்பகுதி, மருந்து தொடங்குமுன்பே நேர்ந்துவிட்டிருந்தது.

இன்றைய மருந்துகள் வேறு. வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சைக் காலமும் ஆறே மாதம். அந்த ஆறு மாதத்தையும், திருவுளச்சீட்டு முறையில் நடந்த பிற்காலச் சோதனைகளே நிர்ணயித்தன.